மஞ்சூர் பஸ்ஸில் வரும் கேள்வி

குந்தா தாலுகாவின் தலைமையிடம் மஞ்சூர். டூட்டி முடிந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிண்ணக்கொரை பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட் அக்கா ஆரம்பிப்பார். "ஏன் சிஸ்டர், எங்க லைன் வீட்டுப் பொண்ணு காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாமே, என்னவாம்?"

கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். படுகர் ஹட்டியிலோ பாதி ஊர் சொந்தம். ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் விசாரிக்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. சென்னையில் வேலை செய்யும் நர்ஸ், நோயாளியை வார்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மலையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அதே நோயாளியை ரேஷன் கடையிலும், கோயில் திருவிழாவிலும், இதே பஸ்ஸிலும் பார்த்தாக வேண்டும்.

விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் நாளில், நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பேன் என்று செவிலியர் மாணவிகள் சொல்கிறார்கள். 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்டில் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழியிலேயே இது இருக்கிறது. சொல்லும்போது சுலபம்தான்.

அந்த ரகசியம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு, மெட்ராஸில் தொடங்கிய ஒரு வழக்கே சாட்சி. நாகாலாந்து அரசு மருத்துவர் ஒருவர், ஆபரேஷனுக்காக மெட்ராஸ் அனுப்பப்பட்ட நோயாளி ஒருவருக்குத் துணையாக வந்தார். ரத்தம் தேவைப்பட, அவரையும் கொடுக்கும்படி கேட்டார்கள். பரிசோதனையில் அவருக்கு ஹெச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. 1995 டிசம்பர் 12 அன்று நடக்கவிருந்த அவருடைய கல்யாணம் நின்றது. விஷயம் ஊருக்குள் பரவி, கோஹிமாவில் இருக்க முடியாமல் மெட்ராஸுக்கே வந்துவிட்டார். மருத்துவமனை தன் ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் போட்ட வழக்கில், 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவர் தோற்றார். ரகசியம் காப்பது கடமைதான், ஆனால் இன்னொருவரின் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் அதற்கு விதிவிலக்கு உண்டு என்றது நீதிமன்றம். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் உயிரும் முக்கியம் அல்லவா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் தெரியவேண்டியது அந்த ஒரு பெண்ணுக்கு, தெரிந்துபோனதோ ஊருக்கே.

இந்த இடைவெளியைத்தான் 2017-ம் ஆண்டின் ஹெச்.ஐ.வி - எய்ட்ஸ் சட்டம் கவனித்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை யாரிடமும் சொல்லக் கூடாது. துணைக்கு ஆபத்து என்ற நிலையில்கூட, நிபந்தனைகளுக்கு உட்பட்டு டாக்டரோ கவுன்சலரோதான் அந்தத் துணையிடம் சொல்லலாம். நர்ஸ் சொல்ல முடியாது. நல்ல மனதோடு, 'பாவம், அந்தப் பொண்ணு வாழ்க்கை வீணாகிடுமே' என்று காதில் போட்டாலும் தப்புதான். செல்போன் கையிலிருக்கும் காலத்தில் வாயை மட்டும் கட்டினால் போதாது. வார்டில் எடுத்த செல்ஃபியின் பின்னால் ஒரு கேஸ் ஷீட் தெரிந்தால் அதுவும் சொன்னதுபோலத்தான்.

சரி, எதையுமே சொல்லாமல் இருந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைக்கவும் வழியில்லை. தலைசுற்றல் என்று ஒரு சிறுமியை அம்மா கூட்டிவருகிறார். வயது 16. பரிசோதித்தால் கர்ப்பம். "சிஸ்டர், கையெடுத்துக் கும்பிடுறேன், வெளிய தெரிஞ்சா நாங்க உசுரோட இருக்க மாட்டோம்" என்று அம்மா அழுகிறார். இங்கே சட்டம் நேரெதிராகப் பேசுகிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்மீது நடந்த பாலியல் குற்றம் தெரிந்த எந்த நபரும் போலீஸுக்குத் தகவல் தரவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'முறைமாமனுக்குக் கட்டிவைச்சுட்டோம்' என்ற சமாதானமும் எடுபடாது.

இதில் ஒரு சின்ன வெளிச்சமும் உண்டு. கருக்கலைப்பு தொடர்பான வழக்கில் 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் பெயர், அடையாளத்தை டாக்டர் குறிப்பிட வேண்டியதில்லை. அழுகிற அம்மாவிடம் இதை எடுத்துச்சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் நர்ஸ்தான். ஊருக்குப் பயந்து மருந்துக்கடை மாத்திரையையோ நாட்டு மருந்தையோ தேடிப்போகாமல் அந்தக் குடும்பத்தை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவைக்க, இந்த ஒரு தகவல் உதவும்.

திரும்ப பஸ்ஸுக்கு வருவோம். அக்காவின் கேள்விக்கு, "ஒண்ணுமில்லக்கா, சும்மா காய்ச்சல்தான்" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பத்துப் பேரைப் பற்றிக் கேட்கும்போது 'காய்ச்சல்' என்று சொல்லிவிட்டு, பதினோராவது ஆளுக்கு மட்டும் "தெரியாதுக்கா" என்றால் பஸ் முழுக்கப் புரிந்துகொள்ளும். அதனால் சளிக்கும் அதே பதில்தான், எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

"அதை அவங்ககிட்டயே கேட்டுக்கங்கக்கா."

அக்காவின் முகம் கொஞ்சம் சுருங்கும். அடுத்த வளைவு தாண்டுவதற்குள் பேச்சு பச்சைத் தேயிலை விலைக்குப் போய்விடும்.