பித்தளை நாவுகளின் ஊரில் ஒரு நாள்

தென்மேற்கு ஜெர்மனியில், ஒருபுறம் கருங்காடு எனப்படும் மலைவனமும் மறுபுறம் சுவேபியக் குன்றுகளும் சூழ, இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்திருக்கிறது ட்ரோஸிங்கன் என்னும் சிற்றூர். ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து வருவோர் ரோட்வைலில் வண்டி மாறி, ட்ரோஸிங்கன் இரயிலடியில் இறங்கவேண்டும். இறங்கிப் பார்த்தால் ஊரைக் காணோம்! ஊருக்குள் செல்ல இன்னொரு சிறு இரயில் காத்திருக்கிறது. 1898-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் நான்கு கிலோமீட்டர் அளவே. இத்துணைச் சிறிய ஊருக்குத் தனியாக ஓர் இரயில் பாதை ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பு. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் ஓர் இசைக்கருவிதான் அதற்கு விடை.

ஆம், நாம் ‘மவுத் ஆர்கன்’ என்றழைக்கும் வாய்இசைக் கருவியை உலகெங்கும் அனுப்பிப் பெயர் பெற்ற ஊர் இது. நான் இங்கு வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் கைப்பையில், ஒரு பழைய துணியில் சுற்றப்பட்டு, என் வாப்பாவின் மவுத் ஆர்கன் இருந்தது.

சிறுவயதில் செய்த பிழை

சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த வாப்பா அதைக் கொண்டுவந்தார்கள். இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து சிறிது நேரம் வாசிப்பார்கள். ஒருமுறை அவர்கள் பயணம் புறப்படும்போது அதை என்னிடம் விட்டுச்சென்றார்கள். அதில் ஆறாம் துளையில், மூச்சை உள்ளிழுக்கும்போது எழும் சுரம் சற்றே இறங்கி ஒலித்தது. அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

உம்மாவின் தையல் பெட்டியில் மழுங்கிக் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தேன். கருவியின் அடி மூடியைக் கழற்றினேன். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். நுனி அசைந்து நழுவியதால், அசையாத அடிப்பகுதியில் குறுக்கே சுரண்டினேன். சுருதி மேலும் இறங்கிற்று. இன்னும் அழுத்திச் சுரண்டினேன். சில நாள்களில் அந்த நாக்கு முறிந்து, அத்துளை ஊமையாயிற்று. அடுத்த விடுமுறையில் வாப்பா அதை வாயில் வைத்துப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவர்கள் வாசித்து நான் கேட்டதில்லை.

கடிகாரக்காரர் வளர்த்த தொழில்

ட்ரோஸிங்கனில் இக்கருவியை முதலில் செய்தவர் கிறிஸ்டியன் மெஸ்னர் என்ற நெசவாளர். அது 1827-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். பின்னர் 1857-இல் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி இத்தொழிலில் இறங்கினார். முதலாண்டில் அவர் பட்டறையில் உருவானவை 650 கருவிகள். முப்பது ஆண்டுகளுக்குள் ஓராண்டு உற்பத்தி பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தபடியே இதற்கான சில்லறை வேலைகளைச் செய்து பிழைத்தார்கள். 1902-இல் ஹோனர் மறைந்தபோது, அவர் பெயர் கடல் கடந்த நாடுகளிலும் வழங்கிக்கொண்டிருந்தது.

பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இப்போது இசைக்கருவி அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. கண்ணாடிப் பேழைகளுக்குள் எத்தனையோ வகை மவுத் ஆர்கன்கள்! ஆயினும் என் கண்கள் கருவிகளைச் செய்த கருவிகளையே தேடின. கடிகாரம் செய்து பழகிய கைக்குச் சிறு உளியும் நுண்ணிய அரமும் புதியவை அல்லவே!

நாக்கின் இரகசியம்

என்னை அழைத்துச் சென்றவர், ஸ்டுட்கார்ட்டில் பணிபுரியும் எங்கள் ஊர் இளைஞர். அவருக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின்னும் தம் வீட்டுப் பின்கட்டில் பழைய கருவிகளுக்குச் சுருதி சேர்த்துத் தருகிறார். அவர் பேசப் பேச, இளைஞர் எனக்குத் தமிழில் சொல்லிவந்தார்.

பித்தளைத் தகட்டில் குறுகிய, நீண்ட துளைகள். ஒவ்வொரு துளையின் மீதும் ஒரு மெல்லிய நாக்கு. அதன் ஒரு முனை தகட்டோடு அறையப்பட்டிருக்கும். மறுமுனை காற்றில் ஆடும். பத்துத் துளைக் கருவியில் இருபது நாவுகள் உண்டு. பத்து ஊதும்போது பேசும்; பத்து உறிஞ்சும்போது பேசும். நம் ஊர் ஆர்மோனியப் பெட்டிக்குள் ஒலிப்பதும் இவ்வகை நாக்கே.

நுனியில் இம்மியளவு உலோகத்தைச் சுரண்டி எடுத்தால் பாரம் குறைந்து நாக்கு விரைவாக ஆடும், சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் விறைப்புத் தளர்ந்து சுருதி இறங்கும். நான் அன்று தலைகீழாகச் செய்திருக்கிறேன்! ஏறவேண்டிய சுரத்தை என் கையாலேயே இறக்கியிருக்கிறேன்.

முதியவர் என் கருவியைத் திறந்து, முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். குறுக்கே ஓடிய கோடுகள், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே இருந்தன.

“காக்கா, இது மழுங்கின முனையால் கீறினதாம். கூர்மையான கருவி உலோகத்தைச் சீவி எடுக்குமாம். மழுங்கினது உழுதுவிட்டுப் போகுமாம். அந்த உழவு கோட்டில்தான் நாக்கு முறிந்ததென்கிறார்” என்றார் இளைஞர்.

சுமார் 880 முறை ஒரு நொடிக்குள் ஆடும் நாக்கு அது. வளைந்து நிமிரும் அழுத்தமெல்லாம் அடிப்பகுதியில் சேர்கிறது. அங்கே குறுக்குக் கீறல் ஒன்றிருந்தால், பிளவு அதிலிருந்தே புறப்படும்.

கல்லின் மேல் கழிந்த நேரம்

நாக்கைத் தொடுமுன் அவர் சாணைக்கல்லை எடுத்தார். அவருடைய சுரண்டி விரல் நீளமே இருக்கும். அதன் வாயகலம் ஒரு பாசிப்பயற்றளவு. கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். சுரண்டியின் தட்டையான முகத்தைக் கல்லோடு படிய வைத்துத் தேய்த்தார். பிறகு சாய்ந்த முகத்தை, சாய்மானம் சற்றும் மாறாமல், மெல்ல இழுத்தார். விளிம்பில் தலைகாட்டிய பிசிறைத் தட்டை முகத்தை மீண்டும் ஒருமுறை கல்லில் படியவைத்து நீக்கினார். இறுதியில் கட்டை விரல் நகத்தின்மேல் வைத்துப் பார்த்தார். வழுக்கினால் இன்னும் தீட்டவேண்டும். நகத்தில் பற்றி நின்றால் கூர் வந்துவிட்டது. வாய் உடைந்தாலொழிய, சுழலும் சாணைச் சக்கரத்தில் அதைப் பிடிப்பதில்லையாம். அங்கே சூடேறி எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கல்லில் அவர் செலவிட்ட நேரம் கால் மணி. நாக்கில் செலவிட்டது சில நொடிகள்!

மழுங்கிய கருவிக்கு அழுத்தம் வேண்டும். அழுத்தினால் நாக்கு வளையும். தகட்டுக்கும் அதற்குமுள்ள இடைவெளி மாறும். கூரிய கருவிக்கோ தன் எடையே போதும். அருகிலுள்ள டுட்லிங்கன் நகரம் அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குப் புகழ் பெற்றது. கூரிய கத்தியின் காயம் சீராக ஆறும் என்று மருத்துவர்கள் சொல்வது அப்போது என் நினைவுக்கு வந்தது.

மீண்டும் ஒலித்த சுரம்

முறிந்த நாக்கை ஒட்டவைக்க முடியாது. கழித்துப்போட்ட பழைய தகடு ஒன்றிலிருந்து அதே அளவுள்ள வேறொரு நாக்கை எடுத்து, சிறு திருகாணியால் பொருத்தினார். அதன் அடியில் மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி அணை கொடுத்தார். நுனியை நோக்கி, நீளவாக்கில், இரண்டே இழுப்புகள். பொன்னிறத் துகளைத் தூரிகையால் துடைத்தார். உடனே ஊதிப் பார்க்கவில்லை, காத்திருந்தார். தேய்ப்பில் சூடேறிய நாக்குச் சற்று இறங்கி ஒலிக்கும். ஆறிய பின்பே உண்மைச் சுருதி தெரியும் என்றார். மேசைமீது சுருதி காட்டும் மின்னணுக் கருவி இருந்தது. முதலில் தம் செவியைக் கேட்டார். அதன் பின்னரே அக்கருவியைப் பார்த்தார்.

பிறகு மவுத் ஆர்கனை என்னிடம் தந்தார். ஆறாம் துளையில் மூச்சை உள்ளிழுத்தேன். சுரம் எழுந்தது. அதைக் கேட்க வாப்பா இல்லை. முறிந்த நாக்கை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலை இரயிலில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். அன்று எனக்கு இல்லாதது அன்போ ஆர்வமோ அல்ல. செய்யத் துணிந்த வேலைக்கு முன், கருவியைச் செம்மைப்படுத்தும் பொறுமையே இல்லை. சொல்லும் ஒரு கருவிதானே! எண்ணிப் பேசாத சொல்லும் மழுங்கிய முனையைப் போல், திருத்தப் போன இடத்திலேயே கீறிவிட்டு வருகிறது.

ஊர் வந்து சேர்ந்ததும் உம்மாவின் தையல் பெட்டியைத் தேடி எடுத்தேன். கத்தரிக்கோல் துருவேறிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, கல்லில் வைத்து, அவசரமின்றித் தீட்டினேன். என் பேரன் அருகில் வந்து அமர்ந்து, “அப்பா, இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டான். “முதலில் கூர் வரட்டும்” என்றேன்.