பழுப்புப் பறவைகளின் வெளி

ஹெசரகட்டாவுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: "பறவை எங்கே சார்?" பெங்களூருக்கு வடமேற்கே, நகரத்தை ஒட்டியே இப்படியொரு வெட்டவெளி கிடப்பது அங்கேயே குடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. 1894இல் அர்க்காவதி ஆற்று நீரைத் தேக்கி நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோன ஏரியைத் தெரியும். அதன் பக்கத்துப் புல்லைத் தெரியாது. மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மற்றதெல்லாம் புல். பறவைகளும் புல்லின் நிறத்திலேயே இருக்கும்.

காட்டில் நிறம் பார்த்துப் பழகிய கண் இங்கே திணறும். இங்கே நடையைப் பார்க்க வேண்டும். வயல் நெட்டைக்காலிக்கும் வானம்பாடிக்கும் அதே பழுப்பு, அதே கீற்றுகள். ஆனால் நெட்டைக்காலி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், நாலு எட்டு ஓடும், நின்றதும் வாலை ஆட்டும். எழும்பினால் வாலோரத்து வெள்ளை பளிச்சென்று தெரியும். வானம்பாடிக்கு அலகு தடிப்பு, உடம்பு குட்டை, வாலாட்டும் பழக்கம் கிடையாது.

வானம்பாடிகளையே ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப் பைனாகுலரைவிடப் பொறுமைதான் வேண்டும். சாம்பல் தலை வானம்பாடியின் ஆண் மேலே ஏறி, இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகுப்புறப் பாயும். தரையில் மோதிவிடும் என்று நாம் பதறும்போது வளைந்து மறுபடி ஏறும். இறங்கும்போது நீண்ட சீழ்க்கை ஒன்று கேட்கும். ஜெர்டான் வானம்பாடி அவ்வளவு துணிச்சல்காரன் அல்ல. புதர் உச்சியிலிருந்து கொஞ்சம் எழும்பி, கால்களைத் தொங்கவிட்டு, பாராசூட்டில் வருவதுபோல் பாடிக்கொண்டே இறங்கும். இதன் பெயரில் இருக்கும் ஜெர்டான் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். 1840களில் பறவை ஓவியங்களை மதராஸிலேயே நூலாக வெளியிட்டவர்.

குளிர்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து சேரும். இறக்கைகளை மேல்நோக்கிச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி, புல் நுனிக்குச் சற்று மேலே, அவசரமே இல்லாமல் போகும். ஆந்தைக்கு இருப்பதுபோல முகத்தில் வட்ட இறகுகள் உண்டு. புல்லுக்குள் எலி நகரும் சத்தத்தை அவற்றின் உதவியால்தான் பிடிக்கின்றன. மாண்டேகு பூனைப்பருந்தின் ஆணுக்கு இறக்கைக்குக் குறுக்கே ஒரு கருங்கோடு. அதன் வெளிறிய உறவுக்கார ஆணுக்கு இறக்கை நுனியில் கறுப்பு ஆப்பு. பெண்களைப் பிரிப்பதில் கைதேர்ந்தவர்களே சண்டை போடுவார்கள். சந்தேகம் வந்தால் "பூனைப்பருந்து, பெண்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். பட்டியலை நீட்டுவதற்காகப் பெயர் சூட்டுவது எனக்குப் பிடிக்காது.

பூனைப்பருந்துகள் இரவில் தங்குவதும் தரையில், உயரமான புல்லுக்கு நடுவில்தான். மரம் வைத்தால் அவற்றுக்கு இடம் போய்விடும். இதைத்தான் நல்லெண்ணத்தோடு மரக்கன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. அரசுக் கணக்கிலும் புல்வெளி வெகுகாலமாகத் தரிசுதான். ஒரு கட்டத்தில் இங்கே திரைப்பட நகரம் கட்டும் பேச்சுகூட அடிபட்டது. காப்பகமாக அறிவிக்கக் கேட்ட திட்டத்தை 2021இல் மாநில வனவிலங்கு வாரியம் தள்ளிவிட்டது. 2024 அக்டோபரில்தான் அதே வாரியம் 5,678 ஏக்கருக்கு ஒப்புதல் தந்தது.

ஒப்புதல் வந்தாலும் ஜீப்பும் பைக்கும் புல்லுக்குள் இறங்குவது நிற்கவில்லை. நல்ல படம் வேண்டும் என்று பறவையைத் துரத்துகிறவர்களில் பறவை ஆர்வலர்களும் உண்டு என்பதுதான் எரிச்சல். வானம்பாடிக்கும் நெட்டைக்காலிக்கும் கூடு தரையில். ஒரு டயர் தடம் போதும். வருகிறவர்கள் தயவுசெய்து வண்டியைத் தடத்திலேயே நிறுத்துங்கள். தலைக்கு மேலே ஆள்காட்டிப் பறவை விடாமல் கத்தினால் முட்டையோ குஞ்சோ காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கேமராவை எடுக்காதீர்கள், காலடியைப் பார்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.