மானிப்பாயில் ஒரு பாடம்

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை உங்களுக்கே விளக்கிச் சொல்லும் ஆண்மகன் உங்கள் வீட்டில் உண்டா? "ஒருவரா?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் காரைநகர் பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனேன். முன் ஆசனத்தில் ஒருவர் தம் மனைவிக்கு வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார். இது இன்ன சந்தி, அது இன்ன ஒழுங்கை என்று. அந்த அம்மா "ஓமப்பா, ஓமப்பா" என்றார். இறங்கும்போதுதான் தெரிந்தது, மானிப்பாய் அவர் பிறந்த ஊராம்!

2020இல் நிக்கோல் டெர்சிக்னி என்ற அமெரிக்கப் பெண்மணி இத்தகைய ஆண்களைக் கேலி செய்து ஒரு நூலே வெளியிட்டார். பழைய ஐரோப்பிய ஓவியங்களை எடுத்து, அவற்றிலுள்ள ஆண்கள் பேசுவதுபோல் வாசகம் எழுதிச் சேர்த்திருக்கிறார். எனக்கோ, ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த படம் நினைவுக்கு வந்தது. டாக்டர் துல்ப் ஒரு பிரேதத்தின் கையைப் பிரித்துக் காட்டிப் பாடம் சொல்கிறார். சுற்றிலும் ஏழு பேர். ஒருவர்கூடப் பெண் இல்லை.

அந்தப் படத்துக்கும் மானிப்பாய்க்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். இவ்வூரில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் டாக்டர் சாமுவேல் கிறீன், இங்கே இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். அயர்லாந்து வைத்தியர் மோன்செலின் பிரசவ நூல் இவர் முயற்சியால் 1857இல் தமிழில் வந்தது. எழுதியவர் ஆண், தமிழாக்க முயன்றவர் ஆண், படித்த மாணாக்கரும் ஆண்கள். பொருள் மட்டும் பிள்ளைப்பேறு!

துல்பின் படத்து மூலையில் மானிப்பாய் மருத்துவிச்சி ஒருத்தியை நிறுத்திப் பாருங்கள். "ஐயா, உந்தக் கையைப் பிறகு பாப்பம். இஞ்ச, நூறு பிள்ளை எடுத்த கை இருக்கு. ஒருக்கா இதையும் கேளுங்கோவன்!" என்று அவள் சொல்லமாட்டாளா?

கிறீனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆங்கிலம் அறியாதவனும் வைத்தியம் கற்கலாம் என்று காட்டியவர் அவர். அந்த நூலறிவும் உயிர் காக்கக்கூடியதே. ஆனால் நோவெடுத்துக் கிடக்கும் பெண் அந்நிய ஆடவரை அறைக்குள் விட நாணுவாளே! உள்ளே போகமுடியாத வைத்தியரிடம் எத்தனை நூல் இருந்தென்ன? உள்ளே இருந்த மருத்துவிச்சிக்கு அந்நூலைப் படித்துக் காட்டுவாரும் இல்லை. அறிவு திண்ணையில் நின்றது, ஆபத்து அறைக்குள் இருந்தது.

இதைக் கண்டு வேலையில் இறங்கியவர்களும் பெண்கள்தான். மானிப்பாயில் தங்கிப் பணிசெய்த மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் கடல்கடந்து போய்ப் பணம் திரட்டினார்கள். பக்கத்து ஊரான இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று மக்லியட் ஆஸ்பத்திரி 1898இல் எழுந்தது. பொறுப்பேற்றவர் இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர். பிரசவ நூல் தமிழில் வந்து அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.