மழை ஊரில் ஆரும் எழும்பவில்லையோ?

நருட்டோ முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. 1999 செப்டெம்பரில் ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கிய கதை, 2014 நவம்பர் 10ஆம் திகதி 700ஆவது அத்தியாயத்தோடு முடிந்தது. மொத்தம் 72 புத்தகங்கள். கதைதான் முடிந்தது, அதை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. ஒபர்வில்லியேயில் நான் படித்த கொலேஜ் வாசலில் அந்தச் சண்டை நடந்தது. இப்போது 12ஆம் இலக்க மெற்றோவில் நடக்கிறது. மார்க்ஸ் டோர்முவாவில் இறங்கி லா சப்பல் வரை நடந்து, கடை வாசலில் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நிற்கும்போதும் நடக்கிறது.

எங்கள் வீட்டுச் சண்டைக்காரர் மூன்று பேர். ஒருவன் சின்னம்மாவின் மகன், 15 வயது, இந்த வருடம்தான் லிசேக்குப் போனவன். அடுத்தது மாமாவின் மகள், சட்டம் படிக்கிறாள். மூன்றாவது ஆள் நான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். “மாங்கா வாசிக்கிறேன்” என்று சொல்லி, “மாங்காயை என்னெண்டு பிள்ளை வாசிக்கிறது?” என்று அம்மம்மாவிடம் கேள்வி வாங்கியவர்களும் கேளுங்கள். நருட்டோ தாய் தகப்பன் இல்லாத பெடியன். ஊர் கொனோஹா. ஊரை அழிக்க வந்த ஒன்பது வால் நரியை, அவன் பிறந்த அன்றே அவனுடைய உடம்புக்குள் அடைத்துவிட்டார்கள். அதனால் ஊர் அவனை ஒதுக்குகிறது. அவனோ, ஒருநாள் ‘ஹொக்காகே’ ஆவேன், அதாவது இந்த ஊருக்கே தலைவன் ஆவேன் என்று சொல்லித் திரிகிறான்.

2002இல் கானா பதிப்பகம் இதைப் பிரெஞ்சில் கொண்டுவந்தது. எங்கள் கட்டடத்தில் மாலி வீட்டுப் பிள்ளை, அல்ஜீரிய வீட்டுப் பிள்ளை, சீன வீட்டுப் பிள்ளை, யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் அவன் சொந்தக்காரன் ஆனான். ‘நீ எங்கட ஆள் இல்லை’ என்ற பார்வையை எங்களுக்கு ஆரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தொடலாமா?

தம்பியின் கட்சி இதுதான்: “எழுதினவர் எழுதி முடிச்சிட்டார் அக்கா. பிடிச்சா வாசி, பிடிக்காட்டி விடு. திருத்துறதுக்கு நாங்கள் ஆர்?”

நல்ல கேள்வி. ஆனால் மாங்கா ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து எழுதும் சாமான் இல்லை. ‘ஷோனென் ஜம்ப்’ இதழோடு ஒரு கருத்துக் கணிப்பு அட்டை வரும். அந்த வாரம் பிடித்த கதைகளை வாசகர்கள் குறித்து அனுப்புவார்கள். தொடர்ந்து பின்னுக்கு நிற்கும் கதையை நிறுத்திவிடுவார்கள். மசாஷி கிஷிமோட்டோவின் முதல் திட்டத்தில் சஸ்கேயே இல்லை. நருட்டோவுக்கு ஒரு போட்டியாளன் வேண்டும் என்ற யோசனை இதழாசிரியர் பக்கத்தில் இருந்து வந்த பிறகு பிறந்தவன் அவன். சஸ்கே இல்லாத நருட்டோவை நினைத்துப் பாருங்கள்!

வாசகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்து விற்கும் ‘கொமிக்கெற்’ சந்தை டோக்கியோவில் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கியது. இன்றைக்கு அது மாபெரும் திருவிழா. பிடித்த கதையைப் பிரித்து மேய்வது அங்கே களவு இல்லை, பழக்கம்.

எங்களுக்கும் இது புதிதில்லை. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கிப் போகிறான். கம்பருக்கு அது ஒத்துவரவில்லை. குடிசை நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகவைத்தார். புதுமைப்பித்தன் 1943இல் ‘சாபவிமோசனம்’ எழுதினார். இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும் அதில் அகலிகை மறுபடியும் கல்லாகிப் போகிறாள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்து வந்து ‘இராவணேசன்’ போட்டார். அதில் இராவணன் வெறும் அரக்கன் இல்லை, மானமுள்ள அரசன். இவர்களை ஒருவரும் ‘ஃபான்’ என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மூலக்கதையையும் இவர்கள் ஒருவரும் கிழித்தெறியவில்லை. பக்கத்தில் இன்னொன்றை வைத்தார்கள்.

அதனால் தொடலாம். எப்படித் தொடுவது என்பதில்தான் எனக்குக் கதை இருக்கிறது.

சின்னத் திருத்தங்கள்

அடிக்கடி கேட்கும் திருத்தம், ‘ககுயாவை வெட்டு’. கதை முடிகிற நேரத்தில் மதாராவைத் தள்ளிவிட்டு, சந்திரனில் இருந்து விழுந்த மாதிரி ஒரு தேவதை வந்து கடைசி எதிரி ஆகிறாள். அவளோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, ஏனென்றால் அவளை எங்களுக்குத் தெரியாது. வெட்டலாம். இதில் மூன்று பேருக்கும் ஒரே முடிவு.

சகுராவுக்குக் கூடுதல் வேலை கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதிலும் சண்டை இல்லை. தம்பி மட்டும், “சரி, ஆனா சண்டைக் காட்சியைக் குறைக்கேலாது” என்று நிபந்தனை போட்டான்.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது. தொடக்கத்தில் கதை என்ன சொன்னது? பிறப்பு பெரிதில்லை, உழைப்புத்தான் பெரிது. ரொக் லீ என்று ஒருவன் இருக்கிறான். மந்திர வித்தை ஒன்றும் வராது. கை காலை மட்டும் நம்பி இரவு பகலாகப் பயிற்சி எடுக்கிறான். நாங்கள் எல்லாரும் அவனுக்காக அழுதோம். ஆனால் கதை வளர வளர, நருட்டோ நான்காவது ஹொக்காகேயின் மகன் என்று வந்தது. பிறகு பழைய முனிவர் ஒருவருடைய மகனின் மறுபிறப்பு என்றும் வந்தது. லீ பின்வரிசைக்குப் போய்விட்டான். “அப்ப நாங்கள் எல்லாம் லீயோ?” என்று கொலேஜில் ஒருத்தி கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம்.

நேஜியின் நெற்றி

சட்டம் படிக்கிற மச்சாள் நிற்கும் இடம் நேஜி.

ஹியூகா குலத்தில் இரண்டு பிரிவு: பிரதான குடும்பம், கிளைக் குடும்பம். கிளையில் பிறந்த பிள்ளையின் நெற்றியில் ஒரு முத்திரை குத்துவார்கள். பிரதான குடும்பத்தார் நினைத்தால் அந்த முத்திரையால் அவனைத் துடிக்க வைக்கலாம். குலத்திலேயே பெரிய திறமைசாலி நேஜி, பிறந்ததோ கிளையில். தேர்வுச் சண்டையில் அவன், விதியை ஒருவராலும் மாற்ற ஏலாது என்கிறான். நருட்டோ அவனை வென்றுவிட்டு, நான் ஹொக்காகே ஆகி ஹியூகாவை மாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்கிறான்.

பிறகு பெரும் போர் வருகிறது. ஹினாட்டாவையும் நருட்டோவையும் காக்கக் குறுக்கே பாய்ந்து நேஜி சாகிறான். நருட்டோ ஹொக்காகே ஆகிறான். பிரதான குடும்பத்துப் பெண் ஹினாட்டாவையே கலியாணம் செய்கிறான். அந்த முத்திரைக்கு என்ன நடந்தது?

“கடைசி அத்தியாயத்தில கல்லறைக்குப் பூ வைக்கினம்,” என்றாள் மச்சாள். “முத்திரையை நிப்பாட்டினதா எண்டு ஒரு வரி இல்லை.”

தம்பிக்கு வேறு திருத்தம் இருந்தது. நேஜி சாகக்கூடாது. அம்பு வேறு பக்கம் போகட்டும், மருத்துவர் வரட்டும், எப்படியோ அவன் பிழைக்கட்டும்.

இந்த இடத்தில் நான் மச்சாள் பக்கம். நேஜியை உயிரோடு எழுப்புவது எங்கள் கவலையைத் தீர்க்கும். முத்திரையை அழிப்பது நருட்டோ தந்த வாக்கைத் தீர்க்கும். ஒரு திருத்தம் வந்தால் நான் பார்ப்பது இதைத்தான்: கதை தானே சொன்ன சொல்லைக் கேட்டு நிற்கிறதா, இல்லை எனக்கு வலிக்கிறது என்பதற்காக மட்டும் வந்ததா?

மச்சாள் இதில் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸில் பிறந்த பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும்போதும் எங்கள் பெரியவர்கள், “ஊரில எந்தப் பக்கம்?” என்று மெல்லக் கேட்பார்கள். கிராமத்தின் பெயர் தெரிய வேண்டும் என்றா கேட்கிறார்கள்? எதற்கென்று உங்களுக்கும் தெரியும். எங்கள் நெற்றியில் முத்திரை இல்லை. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மாவின் கேள்வி

பெயின் என்று ஊர் உலகம் பயப்படும் எதிரியின் உண்மைப் பெயர் நகாட்டோ. அவனுடைய ஊரில் எப்போதும் மழை. மூன்று பெரிய நாடுகளுக்கு நடுவில் அகப்பட்ட சின்ன ஊர். பெரியவர்கள் தங்கள் சண்டையை இந்த ஊருக்குள் வந்து போடுவார்கள். நகாட்டோவின் தாய் தகப்பனைக் கொனோஹாக்காரர் அவனுடைய வீட்டுக்குள்ளேயே கொன்றுவிடுகிறார்கள். பிறகு தோழன் யாஹிகோவும் போகிறான். வளர்ந்த நகாட்டோ கொனோஹாவை ஒரே அடியில் தரைமட்டம் ஆக்குகிறான். தன் குருவையே கொன்ற அவன் முன்னால் நருட்டோ போய் நிற்கிறான். இந்த வெறுப்பை எப்படி நிறுத்துவாய் என்று நகாட்டோ கேட்கிறான். நருட்டோ அவனை அடிக்கவில்லை, கதைக்கிறான். கடைசியில் நகாட்டோ தன் உயிரைக் கொடுத்து, கொனோஹாவில் அன்றைக்குச் செத்தவர்களை எழுப்பிவிட்டுப் போகிறான்.

இதற்குத்தான் ரசிகர்களிடம் மிகப் பெரிய திருத்தம் இருக்கிறது: ஒருவரும் எழும்பக்கூடாது. செத்தவர் திரும்பினால் சாவுக்கு மரியாதை இல்லை. நருட்டோவின் மன்னிப்புக்கும் விலை இல்லை. தம்பியும் மச்சாளும் இதில் ஒரே கட்சி. எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மா பக்கத்தில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தா. முழுக்கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டா. தம்பி சொன்னான். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மா கேட்டா:

“எழும்பினது ஆற்ற ஊர்ச் சனம்?”

“கொனோஹாச் சனம், பெரியம்மா.”

“மழை ஊரில ஆரும் எழும்பேல்லையோ?”

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எழும்பவில்லை. நகாட்டோவின் தாய் எழும்பவில்லை, யாஹிகோவும் எழும்பவில்லை. அவர்கள் செத்துக் கனகாலம் என்று தம்பி விளக்கம் சொன்னான். அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டா. “சரி, பிறகு அந்த ஊருக்கு என்ன நடந்தது?”

இருந்து யோசித்தோம். கோனன் என்ற பெண் நகாட்டோவின் உடலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறாள். கொஞ்சக் காலத்தில் அவளையும் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த 72 புத்தகங்களும் மழை ஊரைக் கவனித்துப் பார்க்கவே இல்லை. பெரிய ஊர்கள் ஐந்தும் ஒன்றுசேர்கின்றன, சமாதானம் வருகிறது, நருட்டோவின் முகம் மலையில் செதுக்கப்படுகிறது. மழை ஊரில் மழை விட்டதா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

தம்பி விடவில்லை. “ஒரு கதை எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேணுமே, பெரியம்மா? நகாட்டோ கேட்டதுக்கு நருட்டோவே ‘எனக்குத் தெரியாது’ எண்டுதான் முதல்ல சொல்றான்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். ஆனால் பதில் தெரியாமல் இருப்பது வேறு, அந்த ஊர்ப் பக்கம் திரும்பாமல் இருப்பது வேறு. எழும்பியவர்களைத் திரும்பச் சாகடிக்கச் சொல்லும் ரசிகர்களும் கொனோஹாவையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சின்ன ஊர் ஒன்றில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தப் பக்கம் பார்க்க எங்களுக்கு ஆரும் பழக்கித் தரத் தேவையில்லை.

எட்டுப் பக்கம்

‘தொடக்கூடாது’ என்ற தம்பிதான் அடுத்த கிழமை எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பிரெஞ்சில். பழைய கதையில் ஒரு வரியையும் அவன் மாற்றவில்லை. பெயின் பெயின்தான், செத்தவர்கள் செத்தவர்கள்தான். போர் முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு மழை ஊரில் மூன்று பிள்ளைகள், கோனன் மடித்துவிட்டுப் போன கடதாசிப் பூக்களைத் தேடுகிறார்கள். திடீரென்று சத்தம் கேட்டால் பழக்கத்தில் பதுங்குகுழிக்குள் ஓடிவிடுவார்கள். போர் முடிந்தது என்று அவர்களுடைய காலுக்கு இன்னும் தெரியாது.

அந்தக் கடைசி வசனம் அவனுடையதுதான். நான் கை வைக்கவில்லை.

உங்களிடமும் ஒரு திருத்தம் இருக்கும். நருட்டோவாக இருக்கலாம், வேறு கதையாக இருக்கலாம். எழுதுங்கள். பிரெஞ்சில் வந்தால் பிரெஞ்சில் எழுதுங்கள். எழுதியபிறகு வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். கிஷிமோட்டோவுக்குத் தெரியாத சில விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும்.

நான் தம்பியின் எட்டுப் பக்கத்தையும் தமிழாக்கி அம்மாவுக்கு வாசித்தேன். பதுங்குகுழி வந்த இடத்தில் அம்மா மறித்தா. 1990இல் யாழ்ப்பாணத்தில் தங்கள் வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டு மூடிய பங்கர் ஒன்று இருந்ததாம்.

“மழை ஊர் எண்டுறீர், பிள்ளையள் ஓடிப்போய் உள்ள இருக்குதுகள் எண்டுறீர். மாரியில பங்கருக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்கும் தம்பி. பாம்பும் கிடக்கும். முதல்ல தண்ணியை இறைக்க வேணும்.”

தம்பி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினான். இப்போது அவனுடைய கதை, மூன்று பிள்ளைகளும் வாளியால் தண்ணீர் இறைப்பதில் தொடங்குகிறது.