தலை நறுக்கும் டையோடு

கருங்கல்லில் கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கும் அண்ணன்மார் இருவருக்கும் ஓவர்டிரைவ் பெடல் என்றால் ஓயாத வழக்கு. "கிளான் நகல்தாம்டே நல்லது, சத்தம் தெளிஞ்சு நிக்கும்" என்பார் ஒருவர். "போடே, டியூப் ஸ்கிரீமர்தான் பாட்டோட இழையும்" என்பார் மற்றவர்.

1994-ல் அமெரிக்காவில் பில் ஃபின்னகன் வெளியிட்ட கிளான் சென்டார், சுமார் 8000 மட்டுமே உருவானது. சுற்று தெரியாதபடி எபாக்ஸியால் மூடினார். பெயர்த்துப் பார்த்தவர்கள் கண்டது, நம் ஆய்வகத்துக் கிளிப்பரின் உறவுக்காரனை! டியூப் ஸ்கிரீமரில் சிலிக்கான் டையோடு, சுமார் 0.7 வோல்ட்டில் அலையின் தலையை நறுக்கும். கிளானில் ஜெர்மானியம், நறுக்காத ஒலியும் கூடவே கலக்கும். அண்ணன் சொல்லும் தெளிவு அதுதான்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "இதைப் படிச்சு என்ன செய்யப் போற மக்களே?" என்பார் அம்மா. "காதுக்குத் தெரியுறதுக்குக் காரணம் கண்டுபிடிப்பேம்மா" என்கிறேன் இப்போது. நண்பர்களே, நாமும் அதற்குத்தானே வந்தோம்!