சாவி கொடுக்கும் கடிகாரங்களோடு சில மாலைகள்



சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு மீண்டும் ஓடவைப்பது சகோதரர்கள் எங்கள் இருவருக்கும் சில ஆண்டுகளாக வாய்த்திருக்கும் பொழுதுபோக்கு. கைபேசி விநாடி பிசகாமல் நேரம் காட்டும் காலத்தில் இது எதற்கு என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. துல்லியம் ஒன்றே நோக்கமாயின் இந்த வேலைக்குப் பொருளில்லை. நன்றாகச் சர்வீஸ் செய்த பழைய கடிகாரமும் நாளொன்றுக்குப் பத்து, இருபது விநாடிகள் முன்பின்னாகத்தான் ஓடும். மலிவான பேட்டரிக் கடிகாரம் அவ்வளவு பிசக ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும்.

ஆயினும் அந்தப் பத்து விநாடியை எண்ணிப் பார்த்தால் வியப்புத்தான் மிஞ்சுகிறது. எங்கள் மேசைக்கு அதிகம் வரும் எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்வோம். அதன் துடிப்பு மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு நாளின் 86,400 விநாடிகளில் பத்து விநாடி பிசகுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் பிழை. மின்சாரமில்லை, பேட்டரியில்லை, சுருட்டி வைத்த ஓர் எஃகுத் தகடும் சில பற்சக்கரங்களும் இதைச் செய்கின்றன.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. நம் வீடுகளில் வாப்பாமார் கட்டியிருந்தவை பெரும்பாலும் அங்கிருந்து வந்தவையே. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதனால் புதிய உதிரி பாகங்களுக்கு வழியில்லை. ஒரு கடிகாரத்தைப் பிழைக்கவைக்க இன்னொன்றைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வேலையின் முறையைக் கேட்டு எழுதியோருக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறோம். உள்ளே எதையும் கழற்றுமுன் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்லத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கத்தோடு பிரித்தால் சக்கரங்கள் ஒரே கணத்தில் சுழன்று பற்கள் ஒடியும். முட்களையும் டயலையும் எடுத்த பிறகு பாலன்ஸ் வீல், அதன் பின் பாலட் ஃபோர்க், பிறகு சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தத் திருகு எந்த இடத்திற்குரியது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வோம். கழுவி உலர்த்தியபின், மாணிக்கக் கற்களின் குழிகளில் ஊசிமுனையால் எண்ணெய் வைக்க வேண்டும். அவை செயற்கை மாணிக்கங்கள். கழற்றி விற்றால் காசு தேறாது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். எண்ணெய் கூடினால் குறைவதைவிடக் கேடு. ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு துளி பட்டாலே சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் விரைந்து ஓடத் தொடங்கும். பாலட் ஃபோர்க்கின் அச்சுக்கோ எண்ணெயே வைப்பதில்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அமர வேண்டும். சித்திரை மாதத்தில் அது எளிதன்று. வியர்வை பட்ட எஃகு துருப்பிடிக்கும் என்பதால் விரல் நுனிகளுக்கு ரப்பர் உறை. பாங்கு சொல்லப்பட்டால் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பாகங்களின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவோம். பத்து நிமிடம் கழித்துத் திரும்பும்போது, பிடிபடாமல் இருந்த சக்கரம் பெரும்பாலும் தானாக உட்கார்ந்துவிடுகிறது. ஓய்ந்த கண்ணே அதற்குக் காரணம் என்று நினைக்கிறோம்.

கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: குடும்பக் கடிகாரத்தில் தொடங்காதீர்கள். 6497 என்ற வகையின் சீனப் படிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 36.6 மில்லிமீட்டர் அகலம், பாகங்கள் பெரியவை. அதை ஐந்தாறு முறை பிரித்துப் பூட்டிய பிறகு மற்றதைத் தொடலாம்.

நேரத்தைக் கணிக்கும் கலை நம் முன்னோர்களின் பள்ளிவாசல்களில் ஒரு பதவியாகவே இருந்தது. அப்பதவியில் இருந்தவரை முவக்கித் என்றழைத்தனர். டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த வானியலறிஞர் இப்னு அஷ்ஷாத்திர், 1371-இல் அதன் மினாராவுக்கென ஒரு சூரியக் கடிகாரத்தைச் செய்தார். உஸ்மானியர் காலத்து தகீயுத்தீன் 1559-இல் இயந்திரக் கடிகாரங்களின் அமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்த ஆட்சியில் நாள் மஃரிபில் தொடங்கியது. சூரியன் மறையும்போது கடிகாரத்தைப் பன்னிரண்டில் வைப்பர். மறையும் நேரம் நாள்தோறும் மாறுவதால் முட்களையும் அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. பள்ளிவாசலை ஒட்டியிருந்த முவக்கித்தின் அறைக்கு வந்து மக்கள் தம் சட்டைப்பைக் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு போயினர்.

பொழுதுபோக்காயினும் இதில் அமானிதம் உண்டு. பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் பளிச்சென்று வண்ணம் பூசி, நான்கு கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாக்கி, ‘அசல் பழையது’ என்று விற்கும் வணிகம் இணையத்தில் பெருகிவிட்டது. அப்படி ஒன்றை வாங்கி வந்த அன்பர் ஒருவர், அதை மறுவிலைக்கு விற்கப்போவதாகவும் டயல் மாறியிருப்பதை நாங்கள் எவரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்பது அவரும் அறிந்ததே. கடிகாரத்தைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தோம். அவர் வருத்தத்தோடுதான் சென்றார், இன்றுவரை பேசுவதில்லை. இறந்தவரின் கடிகாரத்தை ஒரு மகன் கொண்டுவந்தால், மற்ற வாரிசுகளுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டே கையில் வாங்குகிறோம். பிறர் சொத்தில் திருகு முடுக்குவதற்கும் அனுமதி வேண்டுமல்லவா?

எங்கள் தெருப் பள்ளியில் நெடுங்காலம் மோதினாராக இருந்து ஓய்ந்த பெரியவர், சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு தம் ஜனதாவோடு வந்தார். நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. பள்ளியில் எண்கள் ஒளிரும் வக்துக் கடிகாரம் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் கைபேசியில் அலாரமும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனினும் பார்வை மங்கிய அவருக்கு, தலையணைக்கடியில் கேட்கும் அந்த ஓசைதான் இரவின் துணை. மனைவி இருந்தவரை இஷாவுக்குப் பின் அதற்குச் சாவி கொடுத்தது அவரே.

“இது எத்தன நோம்பு பாத்த வாச்சு தெரியுமா வாப்பா? சஹர் முடிவு பன்னெண்டு நிமிசம் பிந்துனா நோம்பு என்னாவுறது?” என்றார்.

கருவியில் வைத்துப் பார்த்தபோது பாலன்ஸ் வீலின் வீச்சு 160 பாகை. 270-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கழுவி எண்ணெயிட்டதும் டயல் மேல்நோக்கி இருக்கையில் வீச்சு தேறியது. கவிழ்த்து வைத்தால் மீண்டும் விழுந்தது. ஐ கிளாஸில் பார்த்தோம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள அச்சு முனைகளில் ஒன்று, எப்போதோ கீழே விழுந்ததில் நசுங்கியிருந்தது. இன்னொரு ஜனதாவிலிருந்து பாலன்ஸ் வீலை ஹேர் ஸ்பிரிங்கோடு எடுத்துப் பொருத்துவதே வழி. அவரிடம் சொன்னோம்.

அவர் கேட்டது ஒன்றுதான். “ஓடுற சத்தம் மாறிடுமா?”

மாறாது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஆனால் அந்த ஓசையில் பாலன்ஸ் வீலுக்கும் பங்குண்டு. வேறொன்றைப் பொருத்தினால் சிறிதாவது மாறக்கூடும். அதைச் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார். இரண்டு நாள் அந்தக் கடிகாரம் கிண்ணத்தின் கீழேயே கிடந்தது. மூன்றாம் நாள் லுஹருக்குப் பின் வந்தார்.

“மாத்திடுங்க வாப்பா. இப்ப நான் பாங்கு சொன்னா மட்டும் அந்தப் பழைய கொரலா இருக்கப் போவுது?”

பாகத்திற்கென வாங்கிய பழைய கடிகாரத்தின் விலை முந்நூறு ரூபாயை மட்டும் பெற்றுக்கொண்டோம். கழற்றிய பாலன்ஸ் வீலைச் சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு அவரிடமே ஒப்படைத்தோம். கடிகாரம் இப்போது நாளுக்கு எட்டு விநாடி முந்துகிறது; மஃரிப் பாங்கு கேட்டதும் பேரன் அதைப் பள்ளிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுக்கிறான். ஓசையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.