சென்று வரும் ஆசிரியர் கொண்டு வர வேண்டியது



திருவண்ணாமலையில் வாழும் நமக்கு அயல்நாட்டவர் புதியவர் அல்லர். ரமணாசிரமம் அமைந்த சாலையில் அவர்களை நாள்தோறும் காண்கிறோம். நம் ஊர்ப் பள்ளியொன்று 'டேனிஷ் மிஷன்' என்னும் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது. அந்த டென்மார்க் நாட்டின் கல்வி மரபில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு.

கிருண்ட்விக் என்னும் அறிஞரின் சிந்தனையில் பிறந்த முதல் மக்கள் உயர்பள்ளி, அங்கே 1844இல் திறக்கப்பட்டது. உழவர் வீட்டு இளைஞர்கள் அங்கே தேர்வுக்காகப் பயிலவில்லை. பொதுவாழ்வில் பொறுப்புடன் பங்கேற்கும் குடிமக்களாவதற்கே பயின்றனர். மனப்பாடத்தினும் உரையாடலே முதன்மை பெற்றது.

அம்மரபில் தோய்ந்த ஆசிரியை அன்னி மேரி பீட்டர்சன் 1909இல் இந்தியா வந்தார். 1917இல் காந்தியடிகளைச் சந்தித்தார். கற்பிக்க வந்தவர் கற்கவும் தயங்கவில்லை. நம்மவர் 'மஹ்மூது பந்தர்' என்றழைக்கும் பரங்கிப்பேட்டையில் அவர் நிறுவிய பெண்கள் பள்ளிக்கு 1921இல் காந்தியடிகளே அடிக்கல் நாட்டினார்.

அயலாரிடம் கற்பது நம் மார்க்கத்துக்கும் அந்நியமன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், மதீனாச் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவிப்பதையே மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்ற வரலாற்றை அறிவோம். அகழ்ப்போரில் பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்களின் யோசனையே செயலாயிற்று. கலந்தாலோசனையைக் குறிக்கும் 'ஷூரா' என்னும் சொல், திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்துக்கே பெயராகியுள்ளது.

அன்று ஆசிரியர் அங்கிருந்து வந்தார். இன்று இங்கிருந்தும் செல்கிறார். 2024 அக்டோபரில் தமிழக அரசு, 'கனவு ஆசிரியர்' விருது பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றது. இத்தகைய பயணங்களை வரவேற்கிறோம். ஆனால் திரும்பி வருபவர் வகுப்பறைக்குக் கொண்டு வர வேண்டியது எது?

"உங்கள் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "சார்தான் சொன்னார்" என்று விடை வருமாயின், மக்களாட்சி அங்கே பாடநூலோடு நின்றுவிட்டது என்று பொருள். ஆசிரியரின் கருத்தை அச்சமின்றி மறுத்துப் பேசும் மாணவியை அயல்நாட்டில் கண்டவர், நம் ஊரில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அவ்வுரிமையை அளித்தால்தான் அப்பயணம் பயனுறும். எண்ணிக்கையில் சிறியோரான நமக்கு இது இன்னும் முக்கியம். சிலர் குரலையும் பலர் பொறுமையுடன் கேட்கும் பழக்கம் இளமையில் வேரூன்றாவிடில், சட்டத்தால் மட்டும் அதனைக் காத்தல் அரிது.

இதில் நமக்கும் பங்குண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அக்கூட்டங்களுக்குத் தவறாது செல்வோம். ஆசிரியர்கள் பிற இடங்களில் கண்டவற்றைக் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றையேனும் நம் பள்ளியில் செய்து பார்க்குமாறு வேண்டுவோம். வீட்டிலும் மதரஸாவிலும் பிள்ளைகளின் கருத்தைக் கேட்டு முடிவெடுப்போம்.

நன்மையை எங்குக் காணினும் ஏற்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.